முப்பது தாள், பாக்கி

பொகவந்தலாவை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே
மீன்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில்
ஆறடி அகலம் என் கடை.
இரண்டு பேர் உள்ளே வந்தால்
மூன்றாமவர் வெளியே நிற்பார்.
மழை நாளில் குடையும் ஓர் ஆள்.

மெஷின் பழசு. கொழும்பில் ஏதோ அலுவலகம்
கழித்துப் போட்டதை
அட்டனில் ஒருவர் வாங்கி எனக்கு விற்றார்.
மூடியின் மூலையில் இன்னும்
யாரோ சிங்களத்தில் எழுதி ஒட்டிய 'மெதுவாக'.
மெதுவாகத்தான் போகிறது.
பனி இறங்கும் மாதங்களில் தாள் ஈரம் குடித்து
ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.
காலையில் கட்டைப் பிரித்து
ஸ்வெட்டருக்குள் அணைத்துச் சூடேற்றுவேன்.
பிள்ளையைப் போல என்று சொல்லமாட்டேன்,
பிள்ளைக்கு இத்தனை விலை இல்லை.

டொலர் ஏறினால் மை ஏறும்.
டொலர் இறங்கினால் மை இறங்காது,
அதற்குப் படி ஏறத்தான் தெரியும்.
பக்கம் இருபது ரூபாய் என்று எழுதி ஒட்டிய அன்று
மேல் டிவிஷன் தங்கேஸ்வரி
மகனின் பரீட்சை விண்ணப்பத்தோடு நின்றாள்,
கையில் பதினைந்து.
நான் பலகையைப் பார்த்தேன்.
அவள் பார்க்கவில்லை.
மிச்சம் ஐந்து ரூபாய்
சிவப்பு அட்டைக் கொப்பியில் இன்றைக்கும் இருக்கிறது.

என் கண்ணாடியில் குப்புறப் படுக்காத கடுதாசி
இந்த ஊரில் இல்லை.
குவைத்துக்குப் போகிறவளின் கடவுச்சீட்டு,
தகப்பன் பெயரை மூன்று விதமாய் எழுதிய
பிறப்புச் சான்றிதழ்கள்,
கடைத்தெரு முதலாளிமாரின் காணி உறுதிகள்.
உறுதிகள் எனக்கு மனப்பாடம்:
வடக்கே ஓடை, கிழக்கே பிரதான வீதி,
தெற்கே இன்னாருடைய மதில்.
இரவு கடைசி பஸ்ஸில் போவேன்
ஏழாம் காம்பராவுக்கு.
அதற்கு வடக்கே எட்டு, தெற்கே ஆறு.
எல்லை இருக்கிறது,
எழுதியவர் இல்லை.

புது மெஷினுக்குக் கடன் கேட்டுப் போனேன்.
அதிகாரி நல்ல மனிதர், தேநீர்கூடச் சொன்னார்.
பிணைக்கு என்ன இருக்கிறது?
கடை வாடகை. வீடு கம்பெனியுடையது.
என் காதைப் பார்த்தார்,
பிறகு பார்க்காதது போல் இருந்தார்.
'உறுதி ஒன்று இருந்தால்...' என்று இழுத்தார்.
இருநூறு பார்த்திருக்கிறேன் சேர் என்று சொல்ல வந்து
விண்ணப்பத்தை மடித்து எடுத்துக்கொண்டேன்.
அதுவும் என் கடையில் எடுத்த போட்டோ கொப்பிதான்;
இடது ஓரத்தில் என் கண்ணாடியின் கீறல்
தலைமயிர் போல.

செவ்வாய்க்கிழமை வரும்
குழுக்கடன் பொடியனுக்கு உறுதி வேண்டாம்.
நாலு பெண்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.
அமிர்தவல்லி தவறிய மாதங்களை
நாங்கள் மூவரும் கட்டினோம்.
அதன்பிறகு அவள்
மருந்துக்கும் இந்தப் பக்கம் வருவதில்லை.

போன வியாழன் மழை.
நோர்வூட் பக்கம் மண் சரிந்து
பஸ் இல்லை, ஆள் இல்லை.
சட்டைக்குள் ஒரு கோப்போடு ஓடிவந்தான்
வங்கிச் சிற்றூழியன் ரோஷான்.
'எங்கள் மெஷின் நின்றுவிட்டது அக்கே.
நாற்பது தாள். அவசரம்.'
எல்லாம் கடன் விண்ணப்பம், வெற்று.
போட்டேன்.
முப்பத்தோராவதில் கரண்ட் போனது.
பாதித் தாள் வெளியே, பாதி உள்ளே.
மீன்கடையில் யாரோ மெழுகுவர்த்தி கேட்டார்கள்.
இருட்டில் அவன் மெல்லச் சொன்னான்:
'சல்லியை மாத முடிவில் தரலாமா என்று
மெனேஜர் கேட்கச் சொன்னார்.'

நாக்கு நுனிவரை வந்தது,
பிணைக்கு என்ன இருக்கிறது?
கேட்கவில்லை. அவனும் சம்பளக்காரன்,
சொட்டச் சொட்ட நனைந்திருந்தான்.
போன் வெளிச்சத்தில் சிவப்புக் கொப்பியைத் திறந்து
தங்கேஸ்வரியின் பக்கத்திலேயே எழுதினேன்:
வங்கி. முப்பது தாள். அறுநூறு ரூபாய்.
கையெழுத்துப் போடு மல்லி என்றேன்.
போட்டான்.

கரண்ட் ஒன்பது மணிக்கு வரும் என்றார்கள்.
அரைத் தாளை இழுத்துக் கிழிக்காமல்
அப்படியே மெஷினின் வாயில் விட்டு
கடையைப் பூட்டினேன்.
பஸ் இல்லை என்பது
பூட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.